எட்டாம் நாள் சிவப்பு

எட்டாம் நாள் சாயம் ஊற்றிக் கழுவினேன்.
எண்ணெய் கட்டிய செல்லில் மட்டும்
தங்கும் சிவப்பு அது.

முதல் வரிசைக் குழிகள்
குளிர்காற்று அறைந்த கன்னம்போல் கனன்றன.
அடுத்த வரிசையில்
புல்கானிலிருந்து வந்த ஐராக்கை வடிகட்டி
நாள் தவறாமல் சொட்டுவிட்டிருந்தேன்.
வெளிறிக் கிடந்தது.
கதிர்போல் நீண்ட செல்கள்
கொழுப்பாகலாமா வேண்டாமா என்று
இன்னும் இழுபறியில்.

துல்கூன் குனிந்து பார்த்து விசிலடித்தான்.
"மெலிய வைக்கும் பால்! போத்தலில் அடைத்தால் போதும்."

எலியின் செல் இது, துல்கூன்.
இந்தத் தட்டுக்கு வயிறில்லை, குடலில்லை,
ராத்திரி பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு
கொஷூர் பொரிக்கும் கடைக்கு
இறங்கிப் போகாது.

அக்டோபர் கடைசியில் லக்வாசுரேன் அழைத்தாள்.
பதினான்கு குதிரைகளின் பாலைத்
தோல்பையில் கடைந்து புளிக்கவைத்து,
பேருந்து ஓட்டுநரின் காலடியில் வைத்து அனுப்பியவள்.
வழியில் மூடி பிய்த்துக்கொண்டு
அவன் பூட்ஸ் நனைந்ததாம்.

"என் ஐராக் என்ன செய்கிறது?"

"கொழுப்புச் செல் முதிர்வதைத்
தள்ளிப்போடுகிறது. ஒருவேளை."

காற்று. ஒரு குதிரையின் செருமல்.
பிறகு அவள் குரல்:
"அப்போ என் பாலில் குறையா?"

"குறையில்லை. குறைவு. எண்ணெய் குறைவு."

"இங்கே இரண்டும் ஒன்றுதான்."

போன குளிரில் அறுபத்திரண்டு ஆடுகள் அவளுக்கு.
புல் இருந்தது,
இரும்பாய் உறைந்த பனிக்கு அடியில்.
வாலில் கொழுப்பு வைத்திருந்தவை
அதைத் தின்றே வசந்தம் பார்த்தன.
மற்றவை நின்றபடியே விறைத்தன.
இப்போது ஒவ்வொன்றின் முதுகையும்
கட்டைவிரலால் அழுத்தி
எலும்பு எவ்வளவு ஆழத்தில் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்கோ
கதவிலிருந்து கார்வரைதான் குளிர்காலம்.
சுடுநீர்க் குழாய் ஓடும் சுவருக்குள்
மருத்துவர் எழுதித் தந்த எடை
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

அவளிடம் என்ன சொல்ல?
பால் ஒன்றுதான், லக்வாசுரேன்,
பசிதான் வேறு என்றா?
சொல்லவில்லை.
"இன்னும் இரண்டு தடவை செய்து பார்க்கணும்" என்றேன்.
"செய்," என்றாள்,
"மூடியை மட்டும் தளர்வாக வை."

குறிப்பேட்டில் 'குறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி.
வீட்டுக்கென்று தனியே அனுப்பியிருந்த போத்தலைத் திறந்தேன்.
சீறியது. மூக்கில் ஏறியது.
நாக்கு கூசக் கூசக் குடித்தேன்,
பாதிக்கு மேல்.