கேமரா பதினேழு

நெருப்பில்லாமல் புகையாதாம்.
ஒதீலியாவின் பணிநேரத்தில்
ஒரு நாளைக்கு நாற்பது முறை புகைகிறது.

டிராக்டர் கிளப்பிய புழுதி.
யூகலிப்டஸ் தோப்பின் மேல் காலைப் பனி.
கல்குவாரி வெடி.
ஒருமுறை,
கேமராக் கண்ணாடியின் குறுக்கே
சிலந்தி பொறுமையாகக் கட்டிய வலை.
எல்லாவற்றையும் கட்டம் போட்டு அடைத்து
"புகை, எழுபத்தொரு சதவீதம்" என்கிறது இயந்திரம்.
அவள் 'இல்லை'யை அழுத்துகிறாள்.
அதற்கு அப்படித்தான் கற்றுத்தர வேண்டும்,
இல்லை, இல்லை, இல்லை என்று.

பெய்ரா மலைகளில் ஆகஸ்ட்.
பைன் மரங்களில் ஆணியடித்த
தீப்பெட்டி அளவு மூக்குகள்
வெயிலை முகர்ந்தபடி இருக்கின்றன.
கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு
இருநூறு ஆடுகள்
காட்டுக்கும் ஊருக்கும் நடுவில்
தீ தின்ன வேண்டிய புதரைத்
தாங்கள் தின்றுகொண்டிருக்கின்றன.
கண்ணுக்குத் தெரியாத வேலியைத் தாண்டினால்
பட்டை 'பீப்' என்னும்.
கிழட்டுக் கிடா ஒன்று மட்டும்
அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல்
எர்மிந்தாவின் கோசுப் பாத்திக்குப் போய்வரும்.
எர்மிந்தா செயற்கைக்கோளைத் திட்டுவாள்.

செவ்வாய், பிற்பகல் மூன்று இருபத்திரண்டு.
கேமரா பதினேழு.
சாம்பல் நிறத்தில் ஒரு நூல்.
நாற்பத்தொன்பது சதவீதம், மஞ்சள் கட்டம்.
நேற்றும் அதே இடம், அதே நேரம்.
நேற்று அது கல்குவாரி.
'இல்லை'யை அழுத்தினாள்.

மூன்று இருபத்தாறுக்கு
ஒரு பைன் மரத்து மூக்கு கத்தியது.
பிறகு பக்கத்து மூக்கு.
பிறகு முதலாவது பேசவேயில்லை.

நான்கு நிமிடம்.
ஒரு காபி ஆறுகிற நேரம்.
அன்று அடித்த காற்றில்
அது ஒரு மலைச்சரிவு.

ஆடு மேய்ந்த நிலத்துக்கு வந்து
தீ குனிந்து தேடியது.
வாயில் வைக்க ஒன்றுமில்லை.
ஊர் தப்பியது. கோசும், கிடாவும்.
மேற்குச் சரிவு தப்பவில்லை.
அமாந்தியோவின் முப்பது தேன்பெட்டிகளும்.

எச்சரிக்கை மணிக்கு ஐம்பது வேண்டும்,
நாற்பத்தொன்பதுக்கு யாரும் பொறுப்பில்லை
என்று எழுதியது அறிக்கை.
அதை அவள் மடித்து
மேசைக்கால் ஆடாமல் இருக்க
அடியில் வைத்தாள்.

நவம்பரில் டிரோன்கள் வந்தன.
களிமண் உருண்டைக்குள் கார்க் ஓக் விதை.
சரிவெங்கும் தூவிவிட்டுப் போயின.
முளைத்தது எத்தனை என்று
படத்தில் எண்ணுவதும் அவள் வேலைதான்.
நூற்றுக்குப் பதினொன்று.
மிச்சம் எலிகளுக்கு.

மழைக்குப் பின் ஒரு விடியலில்
புதிய கேமரா பதினேழு:
புகை, எண்பத்து மூன்று.
மூடுபனி என்று கண் சொல்கிறது.
விரல் நகரவில்லை.
வாக்கிடாக்கியில் விதாலினோவை எழுப்பினாள்.
அவன் வண்டியெடுத்துச் சேற்றில் ஏறி, நனைந்து,
அரைமணி கழித்துச் சொன்னான்:
"பனிதான். முழங்கால்வரை சாம்பல் சேறு."
கொஞ்சம் நிறுத்தி,
"நாளைக்கும் கூப்பிடு."

திரையில் இப்போதும் இரண்டே பொத்தான்கள்,
ஆம், இல்லை.
'போய்ப் பார்' என்று மூன்றாவது ஒன்று கேட்டு
லிஸ்பனுக்கு எழுதியிருக்கிறாள்.
பதில் வரவில்லை.