மிகும் இடம், மிகா இடம்

வினிபெக்கில் ஜனவரி.
நிலவறையில் ஒரு சோலாரிஸ், ஒரு ஏஐஎக்ஸ்,
பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு பிஎஸ்டி.
டிசம்பர் வரை நான்காவதாக ஒரு எச்பி இருந்தது,
சலவை இயந்திரத்துக்கும் வெளிச்சுவர்க் குழாய்க்கும் நடுவில்
பதினேழு வருடம் உறுமிக்கொண்டு.

பகலில் பேருந்து ஓட்டுநர்களின் சம்பளக் கணக்கு.
இரவில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
புணர்ச்சி என்பேன்.
தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் திடுக்கிடுவார்கள்.
இலக்கணப் புணர்ச்சிதான்:
நிரல் நிலைமொழி, நூலகம் வருமொழி,
இரண்டும் சேரும் இடத்தில்
ஒன்று தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
லினக்ஸில் புள்ளி எஸ்ஓ என்று முடியும் பெயர்
எச்பிக்குப் போனால் புள்ளி எஸ்எல்.
மேக்கில் டைலிப்.
ஏஐஎக்ஸோ எல்லாவற்றையும்
ஒரே புள்ளி ஏ-க்குள் மூட்டை கட்டும்.
இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது.
ஏன் என்றால், வழக்கு அப்படி.
ஒன்பதாயிரம் வரி ஷெல்லில்
விதியைவிட விலக்கு அதிகம்.

எனக்கு முன் இதைப் பார்த்துக்கொண்ட டுவெயின் ஃப்ரீசன்
நாலாயிரத்துச் சொச்சமாவது வரிக்கு மேல்
ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறான்:
'இதைத் தொடாதே.'
காரணம் கிடையாது. தேதி கிடையாது.
ஒருமுறை தொட்டேன்.
நூற்றிருபது சோதனையில் எண்பது விழுந்தன,
ஏஐஎக்ஸில் மட்டும்.
திரும்ப வைத்துவிட்டேன்.
அவனைத் திட்டுவது
பல் துலக்குவதுபோல் பழகிவிட்டது.

பிடித்த வேலையும் ஒன்று உண்டு.
கட்டிய அடைவின் முகவரியை
நிரல் தன் வயிற்றில் எழுதிக்கொள்ளும்.
நிறுவும்போது அதை அழித்து மறுபடி பிணைக்க வேண்டும்,
இல்லையென்றால் எங்கே போனாலும் முதலில்
அந்தப் பழைய கதவைத்தான் தட்டும்.
எங்கள் வீட்டுக்கு இன்னும்
மிஸஸ் பெட்ரிஷின் பெயரில் காதுகேள் கருவி விளம்பரம் வருகிறது.
அவர் கெலோனா போய்ப் பத்து வருடம்.

எச்பி சாகும்போது முதலில் விசிறி நின்றது,
பிறகு கருகிய வெங்காய வாடை.
இதை இன்னும் யாராவது ஓட்டுகிறீர்களா என்று
தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன்.
மூன்று வாரத்தில் ஒரே பதில்:
'நினைவிருக்கிறது.'
நாற்பத்தொரு வரிகளை வெட்டினேன்.
சோதனைகள் எல்லாம் பச்சை.
முள் எடுத்த காலைப்போல் இருந்தது.

பக்கத்து வீட்டு ஒலெக்ஸாவும் நானும்
அதைப் பிள்ளைகளின் பனிவண்டியில் கட்டி
அவர் லாரி வரை இழுத்தோம்.
'இவ்வளவு கனமாக இருக்கிறதே, இது என்ன செய்தது?'
'நூலகம் கட்டியது' என்றேன்.
முழுப் பதில் அதுவல்ல என்று
இரண்டு இரவு கழித்துத்தான் தெரிந்தது.

மைனஸ் முப்பத்தாறு. விடியற்காலை மூன்று.
குழாயைத் திறந்தால் ஒரு இருமல்,
அவ்வளவுதான்.
பதினேழு குளிர்காலம் அந்த மூலையை
எச்பியின் வெந்த மூச்சு காத்திருக்கிறது.
எந்தக் கோப்பிலும் அறிவிக்காத சார்பு.
நான் சோதித்த இயங்குதளங்களில்
வீடு இல்லை.

முடி உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு
குழாயடியில் குந்தியிருந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஏஐஎக்ஸ் தன் பாட்டுக்கு:
சரி. சரி. தவிர்த்தது. சரி.
நாலரைக்கு உலோகத்துக்குள் எங்கோ ஒரு நொறுங்கல்.
துருவாக வந்தது,
பிறகு தண்ணீராக.

அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை அங்கே மாட்டி
சுவரில் மார்க்கரால் எழுதினேன்:
அணைக்காதே.

பாதிப் படியில் டுவெயின் ஞாபகம்.
இறங்கி வந்து தேதி போட்டேன்.
காரணத்தையும் தொடங்கினேன்.
அந்தக் குளிரில் மார்க்கர்
'ஏனென்' வரைக்கும்தான் எழுதியது.