சிந்துகிற வெளிச்சம்

மாங்குளம் சந்தியில், ரயர்க் கடைக்கு மேல்,
பத்தடிக்குப் பன்னிரண்டு அறை.
குடையோ வெள்ளை. வெளிச்சத்துக்கு வரம்பு தெரியாது:
முகத்துக்கு அனுப்பினால்
கூரைத் தகரம்வரை போய் விசாரித்துவிட்டு வருகிறது.

தண்டைக் குறுக்கினேன். குடையை
யசோதினியின் நெற்றிக்கு இரண்டு முழம் கிட்டக் கொண்டுவந்தேன்.
பின்சீலைப் பக்கம் கறுப்படித்த றெஜிபோம்.
சீலை சாம்பலாய் அடங்கிற்று.
லைற் மீற்றர் சரி என்றது.
ஆனால் இடது கன்னத்தில் ஒரு மஞ்சள்.

சுவரைப் பார்த்தேன், வெறும் சுண்ணாம்பு.
லென்சைத் துடைத்தேன்.
மூன்றாந்தரம் பிளாஷ் அடித்தபோதுதான் கண்டேன்:
கதவோரம் ஓட்டோக்காரர் கேதீசன்,
பழுத்த தேசிக்காய் நிறச் சேட்டு,
ஒவ்வொரு மின்னலுக்கும் தலையைக் கோதி
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“அண்ணை, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ.”
“நான் படத்துக்குள்ள இல்லையே?”

இல்லைத்தான்.

அவர் படியிறங்கின பிறகு எடுத்தது
சுத்தமான படம். கச்சேரிக்கு அதுதான் போனது.
யசோதினி மற்றதிலும் ஒரு பிரதி கேட்டாள்.
கன்னத்தைத் திருத்தவேண்டாமாம்.