ரசீது இணைக்கப்படவில்லை

மண்டபம் நிலையத்தின் கணக்குப் பிரிவில்
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் காற்று பட்டியல்களைத் தூக்கிப் போய்விடும்.
கட்டுக்கு ஒரு சங்கு வைத்திருக்கிறேன்.
ஆறு சங்குகள்,
இருப்புப் பதிவேட்டில் ஏறாத அரசுச் சொத்து.

இன்று மூன்று பட்டியல்.
ஒரே படகு, ஒரே செவ்வாய்க்கிழமை.
கச்சான் முற்றிய நாள்;
பாம்பனில் கூண்டு ஏற்றிய பிறகும்
மணல்தீட்டு எத்தனை என்று எண்ணப் போய்
ஐந்தாவதோடு திரும்பியிருக்கிறார்கள்.

முதல் பட்டியல், தலைநகரிலிருந்து வந்த சார்புச் செயலர்.
மதுரை வரை விமானம். அங்கிருந்து குளிர்சாதனக் கார்.
விடுதி, தகுதிக்குரிய உச்சவரம்பு.
உணவு, முழு நாள்.
அந்த நிலைக்கு ரசீது வேண்டாம்;
கையெழுத்தே சாப்பிட்டதற்குச் சாட்சி.

அடுத்தது துணை கமாண்டன்ட் உண்ணித்தான்.
பதினோரு வருஷச் சீருடை,
செயலரைவிட ஒரு படி கீழே.
ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருக்கிறார்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
'இருவரும் ஒரே ஆண்டில்தானே'
அதற்கு மேல் ரப்பர் தாளையே தேய்த்துவிட்டது.

கடைசி, நாவிக் பூமிநாதன்.
நரிப்பையூர்ப் பையன்,
தூத்துக்குடியிலிருந்து தற்காலிகப் பணி.
இரண்டு பேருந்துச் சீட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டியது.
உணவுக் கட்டத்தில், முத்து முத்தாக:
காலை, உச்சிப்புளியில் இட்லி. ரசீது கேட்டேன், சிரித்தார்கள்.
மதியம், சாப்பிட்டது நிற்கவில்லை.
இரவு, சாப்பிடவில்லை.
தொகை, பூச்சியம்.

கூப்பிட்டு விசாரித்தேன்.
மூன்று பேருமே வாந்தியாம்.

கடலுக்கு எல்லாரும் ஒன்று என்று
இந்த இடத்தில் ஒரு வரி எழுதலாம்.
ஆனால் அது பொய்.
செயலரை நடுவில் உட்காரவைத்து
இரண்டு உயிர்காப்பு அங்கி மாட்டியிருக்கிறார்கள்.
பக்கத்தில் உண்ணித்தான், வாளியோடு.
அணியத்தில், கயிற்றைப் பிடித்தபடி,
ஒவ்வொரு அலையையும் முதலில் வாங்கியவன் இவன்.
கடலுக்கும் இருக்கை வரிசை தெரியும், மேடம் என்றான்.
நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

படகில் நாலாவதாக ஒருவர் இருந்தாராம்.
திட்டுக்குத் திட்டு ஆழம் சொல்ல
பாம்பனில் ஏற்றிய வள்ளக்காரர், சிலுவைப்பிச்சை.
அவருக்கு வாந்தி இல்லை. படிவமும் இல்லை.
நிலையத்துச் சமையற்கூடத்திலிருந்து
செயலருக்கென்று கட்டிக் கொடுத்த பொட்டலம்,
நெய்ச்சோறு, சீலா வறுவல்,
பிரிக்காமல் கிடந்ததை அவரிடம் நீட்டியிருக்கிறார்கள்.
ஆட்டத்திலேயே உட்கார்ந்து, நிதானமாய்,
முள்ளை மட்டும் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தாராம்.

அப்படியானால் உணவு அரசுச் செலவில் வழங்கப்பட்டது.
அப்படியானால் முதல் பட்டியலில் கழிக்க வேண்டும்.
விதி என் பக்கம்.
சாட்சி, நாலாம் ஆளின் வயிறு.

சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன்.
போன மாதம் ராமநாதபுரம் கருவூலத்துக்கு
ஷேர் ஆட்டோவில் பலரோடு நெருக்கிப் போய்விட்டு
தனி ஆட்டோ என்று எழுதிய விரல்கள் இவை.
என் நிலைக்குத் தனி ஆட்டோ அனுமதி உண்டு.
மூடினேன்.

தம்பி, உன் விகிதத்துக்கு மூன்று வேளையும் போட்டுக்கொள்,
ரசீதுக்கு நான் ஒரு கடை சொல்கிறேன் என்றேன்.
சாப்பிடாததுக்கு எப்படி மேடம்?
கேள்வியில் குத்தல் இல்லை,
உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

எனக்குக் கோபம் வந்தது.
செயலர் மேல் இல்லை, ஊதியக் குழு மேல் இல்லை,
நேர் எதிரே, உப்பு காய்ந்த காலரோடு
பேனா கேட்டு நிற்கும் இவன் மேல்.

நாலு மணிக்குக் கோப்பு மேலே போக வேண்டும்.
முதல் இரண்டும் அப்படியே தேறின.
மூன்றாவதில் இட்லிக்கு எதிரே எழுதினேன்:
ரசீது இணைக்கப்படவில்லை.
சங்கை எடுத்து வைத்தேன்,
எப்போதும் வைக்கும் இடத்தில்.