நீக்க வேண்டிய புள்ளிகள்

வடக்கு டகோட்டாவில் அக்டோபர் என்பது
பாதி சேறு, பாதி பனி.
கல்லூரி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம்.
ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு டிராக்டர்,
ஒட்டினாற்போல் நான்கு வகுப்பறை,
காசை விழுங்கிவிட்டு வெகுநேரம் யோசிக்கும்
ஒரு காபி இயந்திரம்.

பதினோரு பேர் படிக்கிறோம்.
ஒன்பது பேருக்கு நிலம் இருக்கிறது.
நான் லாரிக்காரர் மகள். மண்ணோடு எனக்கிருந்த பழக்கம்
டயரில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்த மட்டும்தான்.
டெஸ்மண்ட் அஸூரின் ஆட்களிடம்
ஒரு காலத்தில் இது எல்லாமே இருந்தது.
அந்த வரைபடம் பாடத்திட்டத்தில் இல்லை.

முதல் பருவத்தில் மண் எடுக்கக் கற்றோம்:
இரண்டரை ஏக்கருக்கு ஒரு கட்டம்,
கட்டத்துக்கு எட்டுக் குத்து, ஆறு அங்குல ஆழம்,
காகிதப் பை, மார்க்கர், விறைத்த விரல்.
அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள்.
இங்கே உழுவதே இல்லை.
போன வருடத்து அரிதாளைக் கீறி
உறைக்குள் கடிதம் போடுவதுபோல்
விதையைச் செருகிவிட்டு நகர்கிறது எந்திரம்.
ஒரு விதை விழுந்த இடத்தைச் சொல்ல
பன்னிரண்டு செயற்கைக்கோள் ஒத்துப்போக வேண்டும்.
என் கார் சாவி விழுந்த இடம்
அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது.

பிறகு விளைச்சல் வரைபடம்.
டார்சி வைகெல் வீட்டுக் கோதுமை வயல்,
போன ஆகஸ்ட் அறுவடை.
திரை முழுக்கப் பச்சை; நடுவே
கொசுக்கடி போல ஒரு சிவப்பு.
உப்பு பூத்திருக்கும் என்றான் ஒருவன்.
பாறை என்றாள் இன்னொருத்தி.
மூடிப்போன குட்டை என்று நான் எழுதிவைத்தேன்.
சனிக்கிழமை நானும் டெஸ்மண்டும் போய்க் குத்தினோம்.
எட்டாம் நாள் ஆய்வகத்திலிருந்து வந்தது பதில்:
உப்பு இல்லை, தழைச்சத்து போதும், சாம்பல்சத்து போதும்,
மண்மேல் ஒரு பழியும் இல்லை.

ஆசிரியை மார்னா ஸ்டென்ஸ்ருட் சிரிக்கவில்லை.
"வேகத்தைப் பார்த்தீர்களா?" என்றார்.
அந்தப் பத்தியில் வரிசையாகப் பூஜ்யம்.
தானிய வரத்து, பூஜ்யம்.
மாலை நாலு பன்னிரண்டு முதல் நாற்பத்தேழு நிமிடம்
வெட்டும் பாகம் தாழ்ந்தபடி, எஞ்சின் ஓடியபடி,
வினாடிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு
ஒரே இடத்தில் நின்றிருக்கிறது கம்பைன்.
நிற்கும்போதும் ஜி.பி.எஸ். சற்று நடுங்கும்.
அந்த நடுக்கம்தான் சிவப்பு.

டார்சி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.
தொலியைக் கோப்பையில் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"அங்கேதான் ட்ரெண்ட் இறங்கிப் போனான்."
அவள் அண்ணன்.
ரேடியோவில் அப்பா ஏதோ சொன்னாராம்.
எஞ்சினை அணைக்காமல்
அறுத்த பக்கமாகவே நடந்து சாலை ஏறியவன்
இப்போது வில்லிஸ்டனில், எண்ணெய்க் கிணற்றில்.
அப்பா பிக்கப்பில் வந்தார், ஏறி உட்கார்ந்தார்,
விட்ட இடத்திலிருந்து அறுத்தார்.
கோடு இரண்டு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை.

அப்பா என்ன சொன்னார் என்பதற்குப்
பத்தி ஏதும் இல்லை.

"இதை நம்பி உரம் போட்டால்
நோயில்லாதவனுக்கு மருந்து கொடுத்த கதை.
சுத்தம் செய்யுங்கள்," என்றார் ஸ்டென்ஸ்ருட்.
மௌஸ் என் கையில் இருந்தது.
நான் டார்சியைப் பார்த்தேன்.
"அழியேன்," என்றாள், "பரீட்சைக்கு வரும்."
வளைத்தேன். இரண்டாயிரத்து எண்ணூற்று இருபது புள்ளிகள்.
அழுத்தினேன்.
வயல் முழுக்கப் பச்சையானது.
சராசரி கொஞ்சம் ஏறியது.

ஆறு மணிக்கு எனக்குத் தானியக் கிடங்கில் வேலை.
காபி இயந்திரத்தை முட்டியால் இடித்துக்கொண்டிருந்தவள்
திரும்பாமலே கேட்டாள்:
"பழைய கோப்பு இருக்கும்தானே?"
இருக்கும், மூலத்தைத் தொடக்கூடாது என்பதுதானே முதல் விதி.
எந்த அடைவில் என்று சொன்னேன்.
மண்பைக்கு எழுதும் மார்க்கரை வாங்கி
மணிக்கட்டில் குறித்துக்கொண்டாள்,
எழுத்துப் பிழையோடு.

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.
காரின் பின்பக்கம் மிச்சப் பை ஒன்று கிடந்தது:
ஆறு அங்குலம், எட்டுக் குத்து,
ஒரு குறையும் இல்லாத மண்.