நாற்பத்து மூன்றாம் நம்பர் கட்டை

நீடாமங்கலம் ஹாஜா மைதீன் மரவாடியில்
இரண்டு வருஷமாய் விலைபோகாமல் கிடக்கிறது
புயலில் சாய்ந்த வாகை.
கணக்கில் பதினொரு கன அடி.
அடிப்பக்கம் உளுத்ததைக் கழித்தால் ஏழு.
கழித்து எழுதுவது நான்தான்.
கழித்த நாலும் என்னுடையது.

ஐப்பசி அடைமழையில் முதலில் மஞ்சள் வந்தது.
நாய் கக்கினது என்று
ரம்பக்காரர் செருப்பால் வழித்துவிட்டார்.
விடிந்து பார்த்தால்
செருப்புத் தடத்தைச் சுற்றிக்கொண்டு
ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது.

சளிப்பூஞ்சை என்று பெயர். பூஞ்சை இல்லை.
செடியில்லை, பூச்சியில்லை.
லென்ஸை வைத்தால்
வெண்ணாறு பிரிந்து பிரிந்து போகிற மாதிரி
வாய்க்கால் வாய்க்காலாய் ஓட்டம்.
ஒரு நிமிஷம் அந்தப் பக்கம்,
நின்று,
மறு நிமிஷம் இந்தப் பக்கம்.
முறை வைக்க ஆள் இல்லை.
கடைமடை என்று எந்த ஓரத்தையும்
சொல்ல முடியவில்லை.

ஓடுகிறவரை பெயர் கிடையாது அதற்கு.
நிற்க வேண்டும், காய வேண்டும், தூளாக வேண்டும்.
நான்காம் நாள் நின்றது.
சுண்ணாம்பு பூசின கடுகுமணிகள்.
எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டேன்;
நுரைத்தது.
ஃபைசாரம் என்று பென்சிலால் எழுதினேன்.
பேனா மழைக்கு ஆகாது.

வைப்பது தீப்பெட்டியில்.
அட்டைத் துண்டில் மரச்சிராயோடு ஒட்டி,
நிழலில் காயவிட்டு,
பேன்பூச்சி சாக மூன்று நாள்
ஐஸ் தட்டுக்கு அடியில்.
பிறகு அலமாரி மேல்தட்டு,
ஓரத்தில் ஒரு நாப்தலீன் உருண்டை.
அறுபத்திரண்டு பெட்டி.
மேல்பக்கம் எல்லாவற்றிலும் ஒரே சேவல்.

பதினேழாம் பெட்டிக்கு மட்டும் பெயரில்லை.
அதே வாகையின் பட்டைக்கடியில்,
எரிந்தணைந்த குச்சிகளைக் கட்டி நிறுத்தினதுபோல்
பழுப்புக் கொத்து ஒன்று.
ஸ்டெமோனிட்டிஸ், அதுவரை நிச்சயம்.
எந்த ஸ்டெமோனிட்டிஸ்?
வித்து வழவழப்பா, வலைபோட்டதா பார்க்கணும்.
உடைத்தால் தெரியும்.
இருப்பது ஒரே கொத்து.
பத்து மாசமாய் திறப்பேன்,
பார்ப்பேன்,
மூடிவிடுவேன்.

நேற்று ராத்திரி எட்டேகாலுக்குக் கரண்ட் போனது.
மாமனார் குஞ்சிதபாதம்
அலமாரி மேல் துழாவி
ஒரு பெட்டியைத் திறந்து, குச்சி எடுத்து,
உரசி,
மறுபடி உரசி,
'எல்லாம் நமத்துப்போச்சு தில்லை' என்றார்.
தும்மினார்.

'கையைக் கழுவாதீங்க!'
நான் கத்தியதில்
பக்கத்து வீட்டில் டார்ச் எரிந்தது.

அந்த டார்ச் வெளிச்சத்தில்
அவர் கட்டைவிரலில் செலோடேப் ஒட்டி உரித்தேன்.
பாம்பு கடித்தவர்போல்
கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.
'விஷமா' என்று ஒருமுறை கேட்டார்.
'இல்லை, பேர் தெரியணும்' என்றேன்.
'அதுக்கா' என்றார்.

கரண்ட் வர பதினொன்றரை.
பள்ளிக்கூடம் கழித்துக்கட்டின மைக்ராஸ்கோப்,
நாற்பது பெருக்கு பத்து.
ஊதா கலந்த பழுப்பில்
ஆயிரம் குட்டிப் பந்து,
ஒவ்வொன்றின் மேலும் முள்முள்ளாய் வலை.
எழுப்பிக் காட்ட ஆளில்லை.
மாமா தூங்கிவிட்டார், வலது கையை மட்டும்
பாயை விட்டு வெளியே வைத்து.

ஸ்டெமோனிட்டிஸ் ஃபுஸ்கா.
மரம்: வாகை, கட்டை எண் 43.
சேகரித்தவர்: ர. தில்லைக்கரசி.
வித்து எடுத்த இடம்:

எழுதலாமா என்று யோசித்தேன்.
எழுதினேன்.
மாமனார், வலது கட்டைவிரல்.

பதினேழாம் பெட்டியில் இப்போது
மொட்டைக் காம்புகள் நாலு.
எறியவில்லை.
மேலே சேவல்மேல் சிவப்பு மையால்
குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன்,
இதில் குச்சி இல்லை என்று.