நாற்பத்தொன்றாம் வரிசை

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கெழுதியவர்.
உண்ணிக் காய்ச்சல். பதினேழு நாள் செயற்கை மூச்சு.
இருபத்து நான்காம் நாள் வீடு.
கோப்பில் இவ்வளவுதான்.
முனிவெங்கடப்பா என்ற பெயரை
ஆய்வு நெறிப்படி நான் எங்கும் எழுதக் கூடாது.

மூன்றாம் மாதம் போனபோது
ஐந்து சொற்கள் சொன்னேன்:
கதவு. எலுமிச்சை. ரயில். கம்பளி. ஊதா.
ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டேன்.
சுவரைப் பார்த்தார்.
"ஏதோ சொன்னீங்க" என்றார்,
தவணை தவறியவர் பேசுகிற பணிவோடு.

கடிகாரம் வரையச் சொன்னேன்.
பன்னிரண்டு எண்ணும் வலப்பக்கமே ஒதுங்கின,
மழைக்கு ஒரு கூரையடியில் நெருக்கும் ஆடுகள் மாதிரி.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூற்று மூன்று. நிறுத்தினார்.
"கமிஷன் பிடிச்சா, பிடிக்காமலா?"
அந்தக் கேள்விக்கு என் தாளில் மதிப்பெண் கிடையாது.

ஐசியூவில் நடந்தது ஏதாவது நினைவிருக்கிறதா?
இருக்கிறது. தெளிவாக இருக்கிறது.
தன்னைக் கிரேட்டில் அடுக்கி லாரியில் ஏற்றினார்கள்,
வாயில் குழாய், மேலே தார்ப்பாய்.
சூளகிரி தாண்டி, ஓசூர் தாண்டி,
எந்தச் சந்தையிலும் விலை படியாமல்
பதினேழு ராத்திரி ஓடியது அந்த லாரி.
பெண்டாட்டி பேரைத் தொலைத்த மூளை
இல்லாத லாரியின் வண்டி எண்ணை
பத்திரமாக வைத்திருந்தது.

ஆறாம் மாதம் ஐந்தையும் சொன்னார்.
வரிசை மாறாமல், ஒரே மூச்சில்.
என் வரைபடத்தில் ஒரு கோடு நிமிர்ந்தது.
பெங்களூர்க் கூட்டத்தில் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன்,
லேசர் புள்ளி கை நடுக்கத்தில் ஆட ஆட.

பன்னிரண்டாம் மாதம்
பஸ் சீக்கிரம் வந்ததால் நானும் சீக்கிரம் போய்விட்டேன்.
உள்ளே நாராயணம்மா களி கிண்டிக்கொண்டே
"செப்பு, ரெண்டோதி?"
"எலுமிச்சை."
"மூடோதி?"
"ரயில்."
ஒன்பது மாதமாக இப்படித்தானாம்,
மாத்திரைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.
பக்கத்து வீட்டுப் பையன்கூட
ஒளிந்து விளையாடக் கண்ணைப் பொத்தினால்
ஒன்று இரண்டு எண்ணுவதில்லை:
கதவு, எலுமிச்சை, ரயில்...

இதற்கு எங்களிடம் பெயர் உண்டு. பயிற்சி விளைவு.
நீக்க வேண்டிய தரவு.
பையிலிருந்து மாற்றுத் தாளை எடுத்தேன்.
ஆணி, மோர், குதிரை, பாலம், பச்சை.
ஐந்து நிமிஷம்.
"மோர்" என்றார்.
நாராயணம்மா கரண்டியை நிறுத்தினார்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, மெல்ல, "கம்பளி" என்றார்,
கையில் இருப்பதையாவது தந்துவிடலாமென்று.

அன்றிரவு கிருஷ்ணகிரி லாட்ஜில்
நாற்பத்தொன்றாம் வரிசையை அழித்தேன்.
அழித்த பிறகுதான் உறைத்தது.
அந்த ஐந்து சொற்களும்
காய்ச்சலுக்கு முன்னால் அவருக்குள் இப்படி ஒன்றாக இருந்ததில்லை.
பழைய சாமான் எதையும் தோண்டி எடுத்துக் காட்டவில்லை அவர்.
தீப்பிடித்து இருண்ட கட்டடத்தில்
வெளியிலிருந்து ஒயர் இழுத்து
ஐந்து பல்பு எரிய வைத்திருக்கிறார்
ஏழாம் வகுப்போடு நின்ற ஒருத்தி.
மீட்சி என்று நான் மூன்று வருஷமாக அளந்தது
திரும்பி வந்ததை மட்டும்.
புதிதாக வந்ததை எந்தக் கட்டத்தில் போடுவது?
விடிய விடிய ஃபேன் சத்தம்.

காலையில் ரயில்வே கேட்டில் நிற்கும்போது போன்.
ரூமில் கொசு கடித்ததா, சாப்பிட்டீர்களா,
எல்லாம் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.
"அடுத்த தடவை என்னென்ன வார்த்தை மேடம்?
இப்பவே சொல்லிட்டீங்கன்னா
இன்னைக்கே ஆரம்பிச்சுடுவோம்."

அடுத்த தடவை என்று என் ஆய்வில் ஒன்று இல்லை.
சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது.
"சரியா கேக்கல" என்றேன்.
கேட்டது.